"எந்த ஊரு, யாரு வீடு?": கோயிலுக்குப் புதுசா வர்றவங்ககிட்ட நாம கேட்கிற முதல் கேள்வி

பொருநைக்கரை (ஞாயிறு, இரவு 9.12)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில சேகர கமிட்டியில, அதாவது நிர்வாகக் குழுவுல இருக்கேன். சபைப் பேரைச் சொல்லப்போறதில்லை. ஒரு மாசமா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிறதை இங்க இறக்கி வைக்கணும்.

மழைக்கு முன்னால ஒரு அம்மா, பத்து வயசு மகளோட எங்க கோயிலுக்கு வந்தாங்க. நர்ஸ். மாற்றலாகி வந்திருக்காங்க. முதல் ஞாயிறு கடைசி வரிசையில உட்கார்ந்தாங்க. அடுத்த ஞாயிறு தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சு. அந்தப் பெஞ்சு முப்பது வருஷமா ஒரே குடும்பம் உட்கார்ற பெஞ்சு. பேர் எழுதி வைக்கலை, ஆனா எங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டு அம்மா வந்தாங்க, பெஞ்சு ஓரத்துல நின்னாங்க. வாயைத் திறக்கலை. நின்னாங்க, அவ்வளவுதான். இவங்க மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் பின்னால போயிட்டாங்க. திறந்து வச்ச பாமாலைப் புத்தகம் பெஞ்சு மேலயே கிடந்துது. எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு அஞ்சு எட்டு நடந்தா போதும். நான் போகலை.

மூணாவது ஞாயிறு, ஆராதனை முடிஞ்சு வாசல்ல எங்க பெரியவர் ஒருத்தர் பாசமாத்தான் பேசினாரு. "வாங்கம்மா, எந்த ஊரு?" சொன்னாங்க. "அங்கன யாரு வீடு?" அப்பா பேரைச் சொன்னாங்க. "அவுக என்ன வேலை பாத்தாவ?" அதையும் சொன்னாங்க. "வீடு கோயிலுக்கு முன்பக்கமா, பின்பக்கமா?" அந்த இடத்துல அவங்க முகம் மாறினதை நான் பார்த்தேன். "பின்பக்கம்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு மகளோட தோள்ல கையை வச்சாங்க. நாலாவது ஞாயிறு வரலை. இன்னைக்கும் வரலை.

இப்ப கமிட்டியில "புதிய விசுவாசிகள் வரவேற்புக் குழு" அமைக்கத் தீர்மானம் போட்டிருக்காங்க. வாசல்ல நாலு பேர் நிற்கணும், ரோஜாப்பூ கொடுக்கணும், காபி கொடுக்கணும். அந்த அம்மா பூ கிடைக்காததால போகலை. உங்க சபைகள்ல உண்மையிலேயே எது மாத்தத்தைக் கொண்டுவந்துதுன்னு சொல்லுங்க.

பழையகீர்த்தனை (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, எனக்கு 71 வயசு. அந்தப் பெரியவர் இடத்துல நான் இருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். எந்த ஊருன்னு கேட்கிறது நம்ம பக்கத்துல ஒட்டிப் பேசுறதுக்கு முதல் படி. ஊரைச் சொன்னா, "அந்த ஊர் வாத்தியார் எனக்குப் பாடம் எடுத்தவரு"ன்னு ஒரு சொந்தம் கிடைக்கும். அதைப் போயி குத்தமாச் சொல்றது எனக்குச் சரியாப் படலை. கேள்வியே கேட்காம கும்பிட்டுட்டுப் போனா, "இந்தச் சபையில ஒருத்தரும் பேச மாட்டாங்க"ன்னு அதுக்கும் வருத்தப்படுவாங்க.

பெஞ்சு விஷயம் தப்புதான். அதை ஒத்துக்கிறேன்.

மேற்குத்தெரு (ஞாயிறு, இரவு 11.40)

ஐயா, உங்க மனசுல கெட்டது இல்லைன்னு நம்புறேன். கேட்கிறவருக்கு அது பாசம். பதில் சொல்றவருக்கு அது எப்படி இருக்குன்னு சொல்றேன்.

நம்ம பக்கத்துல கிறிஸ்தவ ஊர்கள் எப்படி உருவாச்சுன்னு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். 1799ல முதலூர் தொடங்கி மிஷனெரிகள் குடியிருப்பு குடியிருப்பா அமைச்சாங்க. ஒரு ஊர்ல பெரும்பாலும் ஒரே சாதிக்காரங்க கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தாங்க. அதனால ஊர்ப் பேரைச் சொன்னாலே பாதி தெரிஞ்சிடும். கலப்பா இருக்கிற ஊர்னா, தெருவைக் கேட்டா மீதியும் தெரிஞ்சிடும். "முன்பக்கமா பின்பக்கமா"ங்கிற கேள்விக்கு வேற அர்த்தமே கிடையாது. நான் சின்ன வயசுல இருந்து இந்தக் கேள்விக்குப் பதில் தயார் பண்ணி வச்சிருக்கேன். கேட்கிறவங்க முகத்துல அந்தப் பதில் எந்த நொடியில போய்ச் சேருதுன்னு பார்க்கவும் பழகிட்டேன். கை கொடுக்க நீட்டினவங்க கையைக் கும்பிடா மாத்தினதையும் பார்த்திருக்கேன்.

எங்க பாட்டி வருஷா வருஷம் அசனத்துக்கு, அதான் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்துக்கு, படியரிசி கொடுப்பாங்க. புடைச்சு, கல் பொறுக்கி, புதுத் துணியில முடிஞ்சு கொண்டுபோவாங்க. அரிசியை வாங்கிக்குவாங்க. ஆனா சமைக்கிற கொட்டகைக்குள்ள அவங்களைக் கூப்பிட்டதே இல்லை. தேங்காய் துருவக்கூட. சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே பந்திதான், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா குழம்பு வாளி யார் கையில இருக்குன்னு அடுத்த அசனத்துல பாருங்க. சாப்பிட விடுறது எளிது. நம்ம கை பட்ட சோத்தை மத்தவங்க சாப்பிடுறதுலதான் விஷயம் இருக்கு. பாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் அந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்கலை.

இன்னொண்ணு. புதுசா வர்றவங்ககிட்ட முதல் மாசமே "சங்கத்துல (சபை உறுப்பினர் பதிவேட்டுல) பேர் எழுதிடுங்க, சந்தா கட்டிடுங்க"ன்னு நெருக்காதீங்க. 1950ஆம் வருஷத்து எஸ்சி ஆணையில, இந்து மதத்துல இல்லாதவங்க எஸ்சி கிடையாதுன்னு இருக்கு. 1956ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களைச் சேர்க்கலை. அதனால சான்றிதழ்ல ஒண்ணு, கோயில்ல ஒண்ணுன்னு வாழுற குடும்பங்கள் எத்தனையோ இருக்கு. அவங்களுக்கு உங்க பதிவேடு ஒரு பயம். பிள்ளையோட படிப்பு, வேலை எல்லாம் அதுல தொங்குது. பேர் எழுதாதவங்களைப் "பார்வையாளர்"னு ஒதுக்காம, வியாதின்னா வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ற ஒரு சபை இருந்தா, அதுதான் வரவேற்கிற சபை.

தெக்கத்திக் கத்தோலிக்கன் (திங்கள், காலை 6.50)

எங்க பக்கத்துக் கதையும் இதேதான். வடக்கன்குளத்துல 1872ல கட்டின கோயில் ரெண்டு காலா இருக்கும். பேன்ட் மாதிரின்னு சொல்வாங்க. ரெண்டு சாதிக்கு ரெண்டு நடைக்கூடம், ரெண்டும் சேர்ற இடத்துல ஒரே பீடம். நடுவுல சுவர். பீடத்துல நிற்கிற சாமியார் ரெண்டு பக்கத்தையும் பார்க்கலாம், ஆனா இந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கத்து ஜனத்தைப் பார்க்க முடியாது. 1910ல அந்தச் சுவரை இடிச்சாங்க. பெரிய கலவரம், கோர்ட்டு கேஸ்னு போச்சு.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில நடுச்சுவரை எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது நம்ம காலத்துலதான். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை (பிஷப்மார் அமைப்பு) 2016 டிசம்பர்ல தலித் மக்களுக்காகத் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கு. சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு மேல இருக்கிறவங்களே எழுத்துல ஒத்துக்கிட்டது எனக்குப் பெரிய விஷயமாப் பட்டுச்சு. ஆனா எங்க பங்குல (எங்க கோயில் சபையில) அந்தப் புத்தகத்தைப் படிச்சவங்க எத்தனை பேர்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர்.

ஆறாம்படி (திங்கள், காலை 11.30)

நான் வேற ஒரு விஷயம் சொல்லணும். என் மகனுக்குப் பதினாலு வயசு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. எங்க கோயிலுக்கு முன்வாசல்ல மூணு படி. ஞாயிறு காலையில ரெண்டு வாலிபப் பையன்கள் ஓடிவந்து நாற்காலியோட அவனைத் தூக்குவாங்க. நல்ல பிள்ளைங்க, ஆண்டவர் அவங்களை ஆசீர்வதிக்கணும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, சில அம்மாமார் கண்ணைத் துடைப்பாங்க. சின்னவனா இருந்தப்போ அவனுக்கும் அது பிடிச்சிருந்துது. இப்ப அவனுக்கு மீசை அரும்புது. போன வருஷம், "அம்மா, என்னைச் சப்பரம் மாதிரி தூக்குறாங்க, நான் வரலை"ன்னுட்டான்.

கமிட்டியில கேட்டோம். சரிவுப்பாதை போட்டாங்க. எங்க தெரியுமா? பின்பக்கம், கழிப்பறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல. அதுவும் செங்குத்தா. நான் ஒருத்தி தள்ளி ஏத்த முடியாது, இறக்கும்போது என்னை இழுத்துக்கிட்டு ஓடும். மேஸ்திரிக்கு அளவு தெரியலை, கேட்கவும் இல்லை. அளவு ரொம்பச் சுலபம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். படி ஒண்ணுக்கு 15 சென்டிமீட்டர்னா மூணு படிக்கு 45. அதைப் பன்னிரண்டால பெருக்கினா 5.4 மீட்டர், கிட்டத்தட்ட 18 அடி. எங்களுக்குப் போட்டது ஏழடி.

கோயிலுக்குள்ள வந்த பிறகும் அவனுக்கு இடம் கிடையாது. பெஞ்சுகளுக்கு நடுப்பாதையில நிறுத்தினா, காணிக்கைப் பை எடுக்கிறவருக்கு வழி மறிக்குது. கடைசியில கதவோரம் செருப்புக் குவியல் பக்கத்துல நிறுத்துவேன். ஒரே ஒரு பெஞ்சுல பாதியை அறுத்து எடுத்தா, அவன் வயசுப் பையன்கள் பக்கத்துல அவனும் இருப்பான்.

பழையகீர்த்தனை (திங்கள், மதியம் 2.15)

மேற்குத்தெரு தம்பி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். "முன்பக்கமா பின்பக்கமா"ன்னு நான் கேட்டதில்லைன்னு எழுத வந்தேன். யோசிச்சுப் பார்த்தா, கேட்டிருக்கேன். வேற வார்த்தையில. "ஊர்ல கிணத்துப் பக்கமா?"ன்னு. பதில் வந்ததும் எனக்குள்ள ஒரு கணக்கு முடியும். அது எதுக்கான கணக்குன்னு இத்தனை வருஷமா நான் என்னையே கேட்டுக்கிட்டதில்லை.

ஆனா ஒண்ணு கேட்கிறேன், கோபப்படாம சொல்லுங்க. பின்ன நான் எதைக் கேட்டுப் பேச்சைத் தொடங்குறது?

கைப்பேச்சு (திங்கள், மாலை 5.20)

"சாப்டீங்களா, எப்படி வந்தீங்க, பஸ் கிடைச்சுதா"ன்னு கேளுங்க ஐயா. போற வழிக்கு யாராவது வண்டியில இடம் இருக்கான்னு பாருங்க.

எங்க அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் காது கேட்காது. நான் அவங்க பேச்சைக் கையிலதான் கத்துக்கிட்டேன். பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் 1890கள்ல மிஷனெரிகள் ஆரம்பிச்சது. அப்படிப்பட்ட ஊர்லயே பெரும்பாலான கோயில்கள்ல சைகையில பிரசங்கம் கிடையாது. எட்டு வயசுல இருந்து நான்தான் அவங்களுக்குப் பக்கவாட்டுல உட்கார்ந்து பிரசங்கத்தைக் கையில சொல்வேன். "பரிசுத்த ஆவியானவர்" வரும்போதெல்லாம் திணறுவேன். எனக்குன்னு ஒரு ஞாயிறு நான் ஜெபம் பண்ணினது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இப்ப நாங்க போற சபையில பணம் செலவாகாத நாலு காரியம் செஞ்சிருக்காங்க. பிரசங்கக் குறிப்பை ஐயர் (எங்க குருவானவர்) சனிக்கிழமையே எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாரு. சைகை சொல்றவங்க ஓரத்துல ஒளிஞ்சு நிற்காம, ஐயருக்குப் பக்கத்துலயே நிற்பாங்க. ரெண்டு பேரையும் ஒரே பார்வையில பார்க்க முடியுது. முதல் வரிசை இடது பக்கம் காது கேளாதவங்களுக்கு. ஜெபத்துல விளக்கை அணைக்க மாட்டாங்க, ஏன்னா இருட்டுல கை தெரியாது. கிறிஸ்துமஸ் இரவு மெழுகுவத்தி ஆராதனையில எங்க அப்பா ஐம்பது வருஷம் ஒண்ணும் புரியாம உட்கார்ந்திருந்தாரு. போன கிறிஸ்துமஸ்ல சைகை சொல்றவங்க மேல மட்டும் ஒரு விளக்கு எரிஞ்சுது. அப்பா அழுதாரு.

2024 மே மாசம் திருச்சூர்ல காது கேளாத ஒருத்தர் கத்தோலிக்கக் குருவா அபிஷேகம் ஆனாரு, இந்தியாவுல முதல் தடவையா. அந்தச் செய்தியை அம்மா பேப்பர்ல வெட்டி பைபிளுக்குள்ள வச்சிருக்காங்க.

பேர்வேண்டாம் (திங்கள், இரவு 8.45)

நான் இதுவரை எங்கயும் எழுதினதில்லை. கணவரை விட்டுப் பிரிஞ்சு நாலு வருஷம் ஆகுது. எங்க கோயில்ல மாசத்துல முதல் ஞாயிறு, பிறந்தநாள், திருமண நாள் பட்டியலை வாசிச்சு, பீடத்துக்கு முன்னால வரச்சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. நல்ல வழக்கம்தான். பிரிஞ்ச வருஷமும் என் திருமண நாளை வாசிச்சாங்க, அவர் பேரும் என் பேரும் சேர்த்து. பட்டியலைத் திருத்த யாருக்கும் தோணலை. எல்லாருக்கும் விஷயம் தெரியும். நான் எந்திரிக்கவா உட்காரவான்னு தெரியாம இருந்த அந்த அரை நிமிஷம் எனக்கு இப்பவும் கனவுல வருது.

அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல "குடும்ப ஞாயிறு சாட்சி யார் சொல்றது"ன்னு பேச்சு வரும்போது என்னைத் தாண்டிக் கண்ணு போகும். ஒருத்தரும் கெட்ட வார்த்தை சொல்லலை. நர்ஸ் அம்மாவைப் பத்தி படிச்சப்போ, அந்தப் பெஞ்சு ஓரத்துல சும்மா வந்து நின்னாங்களே, அதைப் படிச்சு நிறுத்திட்டேன். அந்தச் சும்மா நிற்கிறதைத் தாங்க முடியாது.

பட்டியல் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு தடவை, வாசிக்கிறதுக்கு முன்னால, ஒரு போன் பண்ணிக் கேளுங்க. செத்துப்போன பிள்ளையோட பிறந்தநாளை வாசிச்ச வீடும் எனக்குத் தெரியும்.

ஆறாம்படி (திங்கள், இரவு 9.02)

அக்கா, நான் உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்.

கிராமத்துக் குருவானவர் (செவ்வாய், காலை 5.40)

ஒவ்வொரு பதிவையும் படித்தேன். இருபத்திரண்டு வருட ஊழியத்தில் ஐந்து சேகரங்கள் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) மாறியிருக்கிறேன். பேர் சொல்லாமல் எழுதுவதற்கு மன்னியுங்கள். சொன்னால் ஆறாவது சேகரம் சீக்கிரம் வந்துவிடும்.

"யார் வீடு" என்ற கேள்வி வாசலில் மட்டும் கேட்கப்படுவதில்லை. திருமண்டலத் (பேராயரின் கீழ் இருக்கும் சபைகள் எல்லாம் சேர்ந்த நிர்வாகம்) தேர்தல் வரும்போது எந்தப் பகுதியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு சங்கப் பதிவேட்டில் இருந்துதான் தொடங்குகிறது. புதிதாக ஒரு குடும்பம் சேர்ந்தால், "இவங்க நம்ம பக்கமா அந்தப் பக்கமா" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பாசமாகக் கேட்கிற பெரியவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேருகிற இடம் அதுதான். வரவேற்புக் குழு வேண்டும் என்று சொல்கிறவர்களில் சிலருக்கு இந்தக் கணக்கும் இருக்கும், கவனமாக இருங்கள்.

மேலிருந்து உத்தரவு போட்டால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். அவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையை விட்டே போனார்கள். மீதி இருந்தவர்களில் பலர் வெளியே ஒத்துக்கொண்டு வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் வைத்ததைத்தான் நாம் இப்போது வாசலில் பார்க்கிறோம்.

எனக்குப் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் திருவிருந்து ஒழுங்கு 1950இல் வந்தபோதே சமாதானத்தைக் கையோடு கை கொடுப்பது அதில் இருந்தது. பீடத்திலிருந்து குருவானவர் கொடுப்பார், வாங்கியவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு, கடைசி பெஞ்சு வரை. கூப்பிய கைகளை இன்னொருவருடைய இரண்டு கைகளும் பொதிந்துகொள்ள வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அது தூர இருந்து கும்பிடுவதாக நின்றுபோனது. சிலருக்கு அது வசதியாகவும் இருந்தது. நான் மறுபடி கையைக் கொண்டுவந்தேன். அதோடு, பீடத்திலிருந்து தொடங்காமல் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கினேன். நானே நடந்து பின்னால் போய், கதவோரம் இருப்பவர் கையில் கொடுப்பேன். அங்கிருந்து அது முன்னால் வர வேண்டும். முதல் இரண்டு மாதம் நடுவில் அறுந்துபோகும். எந்த பெஞ்சில் அறுகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அந்த வாரம் அந்த வீட்டுக்குப் போவேன். கடிந்துகொள்ள அல்ல, டீ குடிக்க. ஒரு வருடம் ஆயிற்று, அறுபடாமல் வந்து சேர.

அதேபோல், பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் (கம்பித் தடுப்பில்) முழங்கால் போட முடியாதவர்களுக்குத் திருவிருந்தை முதலில் கொண்டுபோங்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்து, மிச்சம் போல் கடைசியில் கொண்டுபோகாதீர்கள்.

மேற்குத்தெரு (செவ்வாய், காலை 7.15)

ஐயா, கடைசி பெஞ்சுல இருந்து தொடங்குறதைப் பத்தி இன்னைக்கு அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "எந்த ஊர்ச் சபை, பஸ் போகுமா"ன்னு கேட்டாங்க.

பழையகீர்த்தனை (செவ்வாய், காலை 9.30)

பொருநைக்கரைத் தம்பி, அந்த அம்மா எந்த ஆஸ்பத்திரின்னு தெரியுமா? நீயும் உங்க பெரியவரும் சேர்ந்து போங்க. நீ மட்டும் போனா கமிட்டிக்காரர் வந்த மாதிரி ஆயிடும். கேள்வி கேட்டவரே போகணும். போயி, திரும்பி வாங்கன்னு கூப்பிடாதீங்க. கேட்டது தப்புன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்.

எங்க சபை அசனம் தை மாசம் வருது. கொட்டகைப் பொறுப்பு பதினஞ்சு வருஷமா என்கிட்டதான். இந்தத் தடவை எல்லாத் தெருவுக்கும் நானே நேர்ல போய்க் கூப்பிடுறேன், சமைக்கவும் பரிமாறவும். நாலு பேர் கொட்டகையை விட்டு எந்திரிச்சுப் போவாங்கன்னு தெரியும். அதுல ரெண்டு பேர் என் சொந்தம்.

பொருநைக்கரை (18 நாள் கழிச்சு, சனி, இரவு 8.20)

போனோம். பெரியவர் முதல்ல வரமாட்டேன்னாரு. பழையகீர்த்தனை ஐயா எழுதினதை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசாம வேட்டியை மாத்திக்கிட்டு வந்தாரு.

அந்த அம்மா ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற நேரம். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில நின்னு பேசினோம். பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நான் அன்னைக்கு அதைக் கேட்டிருக்கக் கூடாது." அவங்க ரொம்ப நேரம் டீ கிளாசைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "என் மக அன்னைக்கு ராத்திரி, பின்பக்கம்னா என்னம்மான்னு கேட்டா. இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாம வளர்த்திருந்தேன்"னு சொன்னாங்க. பெரியவருக்கு அதுக்கு மேல பேச வரலை. எனக்கும்தான். இப்ப அவங்க வேற சபைக்குப் போறாங்க. மக அங்க பாடகர் குழுவுல இருக்கா. திரும்பி வருவாங்கன்னு எனக்குத் தோணலை, அதைக் கேட்கவும் இல்லை.

கமிட்டியில ரோஜாப்பூத் தீர்மானத்தைத் தள்ளி வச்சாச்சு. பெஞ்சு எல்லாத்தையும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திப் போடுறதா முடிவு. தூண் பக்கத்துக் குடும்பம் கோபத்துல இருக்கு. திருமண நாள் பட்டியலை என் மனைவியும் இன்னொரு அக்காவும் போன் பண்ணிச் சரிபார்த்துக்கிட்டு இருக்காங்க, இதுவரைக்கும் ஏழு பேர் எடுக்கச் சொல்லியிருக்காங்க.

எங்க கோயில்லயும் மூணு படிதான். திங்கட்கிழமை மேஸ்திரி வர்றாரு. முன்வாசல்லயே, 18 அடி. ஆறாம்படி அக்கா, கைப்பிடி எவ்வளவு உயரத்துல வைக்கணும்?

ஆறாம்படி (சனி, இரவு 8.51)

ரெண்டு பக்கமும் வையுங்க தம்பி, ஒரு பக்கம் மட்டும் வச்சா, ஒரு கை வராதவங்களுக்கு ஏற முடியும், இறங்க முடியாது. நின்னு நடக்கிறவங்களுக்கு 90 சென்டிமீட்டர்ல ஒரு கம்பி. அதுக்குக் கீழே, 75 கிட்ட இன்னொரு கம்பி. உட்கார்ந்து வர்றவங்க தானே பிடிச்சு ஏற அதுதான் உதவும். மேல சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம் விடச் சொல்லுங்க, இல்லேன்னா கதவைத் திறக்கும்போது பின்னால உருளும். தரைக்கு வழவழ டைல்ஸ் வேண்டாம், மழையில வழுக்கும், சிமெண்டுல கோடு இழுத்துவிடச் சொல்லுங்க.

வேலை முடிஞ்சதும் சொல்லுங்க. ஒரு ஞாயிறு நாங்க ரெண்டு பேரும் பஸ் பிடிச்சு வர்றோம்.

பேர்வேண்டாம் (சனி, இரவு 9.10)

மூணு பேரா வாங்க. நானும் வர்றேன்.